கடைசி ஒரு அங்குலம்

ஸ்டெல்லா,

இந்தக் கடிதத்தோடு உன் அம்மா கையில் ஒரு பிளாஸ்டிக் பையும் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். அதை இப்போது பிரிக்காதே. முதலில் இதைக் கடைசி வரைக்கும் படி, பிறகு பிரி. நேரில் சொல்வதற்காக இந்த ஒரு மாதத்தில் மூன்று தடவை மாத்தூருக்கு வந்தேன். முதல் தடவை உன் மாமியார் இருந்தார். இரண்டாவது தடவை நீ வஞ்சிரக் குழம்பு வைத்திருந்தாய், சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். மூன்றாவது தடவை நீயும் நானும் மட்டும்தான் இருந்தோம், சாக்குச் சொல்ல ஒன்றும் இல்லை, ஆனாலும் சொல்லவில்லை. முப்பது வருஷம் துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டியவன், கேட்டில் நிற்கிறவர் முதல் கிரேன் ஓட்டுகிறவர் வரை எல்லோரிடமும் வாய்ச்சண்டை போட்டவன், பெற்ற மகள் முன்னால் ஊமை மாதிரி உட்கார்ந்துவிட்டு பஸ் ஏறி ராயபுரம் திரும்பினேன். அதனால்தான் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் உன் வண்டியைப் பார்க்க ஆள் வருகிறார் என்று மாப்பிள்ளை சொன்னார். விற்றுவிடுவது என்று நீ முடிவு செய்துவிட்டாய். அதோடு கண்டெய்னர் யார்டில் உனக்குக் கொடுக்க வந்த ஷிப்ட் இன்சார்ஜ் வேலையையும் வேண்டாம் என்று திங்கட்கிழமை எழுதிக் கொடுக்கப் போகிறாய். காலை ஐந்தரைக்குக் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் நிற்க வேண்டும், அந்த நேரத்துக்கு கம்பெனி பஸ் கிடையாது, சொந்த வண்டியில்தான் போக வேண்டும் என்பது எனக்குத் தெரியும். "எனுக்கு வண்டி ஓட்ட வராது நைனா, கால் சரியில்ல, அவ்ளோதான், வுட்டுரு" என்று போனில் சொன்னாய். விட முடியாது. உனக்கு வண்டி ஓட்ட வரும். உன் கால் நன்றாகத்தான் இருக்கிறது. சரியில்லாதது நான் செய்த வேலை. அதை ஒன்று விடாமல் எழுதப் போகிறேன், படித்தபிறகு நீ என்னை என்ன வேண்டுமானாலும் கேள்.

நம் வீட்டில் கல்யாணமோ கருமாதியோ, நாலு பேர் உட்கார்ந்தால் நான் ஒரு கதை எடுத்துவிடுவேன், ஞாபகம் இருக்கிறதா? கட்டைக் கதை. என் முதல் முதலாளி தன்னுடைய எல்லா டிரெய்லரிலும் ஆக்சிலேட்டருக்கு அடியில் ஒரு மரக்கட்டையை இறுக்கி வைத்திருந்தார். டிரைவர் எவ்வளவு அழுத்தினாலும் மிதி கட்டையில் முட்டி நின்றுவிடும், முழுசாக இறங்காது. டீசல் மிச்சமாகும் என்பது அவர் நினைப்பு. ஒரு நாள் நாற்பதடிப் பெட்டி, முழு லோடு, மணலி பக்கம் மேம்பாலத்தில் ஏறுகிறேன், பாதி ஏற்றத்தில் வண்டி இழுக்கவில்லை. நான் மிதிமேல் ஏறி நிற்காத குறையாக அழுத்துகிறேன், வண்டி பின்னால் நகர்கிறது, எனக்குப் பின்னால் ஒரு ஷேர் ஆட்டோ நிறைய பெண்கள். எப்படியோ பிரேக்கில் பிடித்து நிறுத்தினேன். கீழே இறங்கி ஸ்பேனரால் அந்தக் கட்டையைப் பெயர்த்து எடுத்தேன். சாயங்காலம் ஆபீசுக்குப் போய் முதலாளி மேசைமேல் வைத்து, "இத்த உன் கால்ல கட்டிகினு நீயே ஓட்டு சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன். வேலை போய்விட்டது, அடுத்த வாரமே வேறு இடத்தில் கிடைத்தது. சின்ன வயதில் "கட்டக் கத சொல்லு நைனா" என்று நீயே கேட்பாய். கடைசி வரியை என்னைச் சொல்லவிடாமல் முந்திக்கொண்டு நீ சொல்வாய், உன் அம்மா சிரிப்பாள்.

இப்போது உன் வண்டிக்கு வருகிறேன். போன வருஷம் அந்தச் சின்ன எஸ்.யூ.வி.யை நீ உன் சம்பளத்தில் வாங்கி, நேராக ராயபுரத்துக்கு ஓட்டி வந்து கோயில் வாசலில் நிறுத்தினாய். ஃபாதர் தீர்த்தம் தெளித்தார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது, அதை அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும், சொல்லாமல் டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று சிலிண்டர், டர்போ, கியர் தானாக மாறும். கம்பெனிக் காகிதத்தில் லிட்டருக்குப் பதினெட்டு கிலோமீட்டர் என்று போட்டிருந்தது. ஸ்டியரிங்குக்கு முன்னால் இருக்கிற திரையில் பதினொன்றுதான் காட்டியது. மாப்பிள்ளை பார்க்கும்போதெல்லாம், "இன்னா மாமா, லாரி கணக்கா குடிக்கிது, உங்க பொண்ணு கால் அப்டி" என்று கிண்டல் செய்வார். அவர் விளையாட்டாகச் சொன்னது எனக்கு உறைத்தது. டிரைவர் மகள் பெட்ரோலைக் கொட்டுகிறாள் என்று ஒருவர் சொல்வதா? அன்றிலிருந்து உன் வண்டியில் ஏறினால் நான் ரோட்டைப் பார்ப்பதில்லை, அந்த எண்ணைத்தான் பார்த்துக்கொண்டு வருவேன்.

நீ சொன்ன குறை வேறு. "மைலேஜ் கெடக்கட்டும் நைனா, மிதிச்சா ஒரு செகண்டு யோசிக்குது இந்த வண்டி" என்றாய். சரியான வார்த்தை. இந்த மாதிரிச் சின்ன இன்ஜினுக்குக் கூடுதல் காற்றை உள்ளே தள்ளித்தான் பலம் வருகிறது. அந்தக் காற்று சேர்வதற்கு ஒரு கணம் ஆகும். அதற்குள் கியர்பெட்டியும் எந்தக் கியருக்கு இறங்கலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கும். இரண்டும் சேர்ந்துதான் அந்த யோசனை. அதோடு நீ எப்போதும் மைலேஜுக்காக எக்கோ மோடில் போட்டிருந்தாய், அதுவும் நான் சொல்லித்தான். இதையெல்லாம் அன்றைக்கு நான் உனக்கு உட்கார வைத்து விளக்கியிருக்கலாம். "டர்போ வண்டி அப்டித்தான், பழகிடும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். எனக்கு உன்னுடைய ஒரு கணம் பெரிதாகத் தெரியவில்லை, பதினொன்றுதான் உறுத்திக்கொண்டிருந்தது.

அடுத்தது சொல்லக் கூசுகிறது, சொல்லிவிடுகிறேன். வள்ளூர் அனல்மின் நிலையத்தில் ஒப்பந்த வேலை பார்க்கிற என் தோஸ்து ஒருவர், நிலக்கரி ஓடித் தேய்ந்த ரப்பர் பெல்ட்டில் ஒரு துண்டு கொடுத்திருந்தார். நம் வீட்டு வாசலில் கால் துடைக்கப் போட்டிருந்தோமே, அதுதான். அதில் உள்ளங்கை அளவுக்கு இரண்டு துண்டு வெட்டி, ஒன்றின்மேல் ஒன்று ஒட்டினேன். நீ எங்களைப் பார்க்க வந்து மதியம் தூங்கிய ஒரு நாள், உன் வண்டியில் காலுக்கு அடியில் விரித்திருக்கிற மேட்டைத் தூக்கி, ஆக்சிலேட்டர் வந்து இறங்குகிற இடத்தில் மேட்டின் அடிப்பக்கம் அதை ரப்பர் பசை போட்டு ஒட்டிவிட்டேன். மேலே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. மிதி முழுசாக இறங்காது, கடைசி ஒரு அங்குலத்துக்கு முன்பே நின்றுவிடும். எந்தக் கட்டையைப் பெயர்த்ததாக ஊரெல்லாம் கதை சொன்னேனோ, அதே கட்டையை என் மகள் காலுக்கு நானே வைத்தேன். வைக்கும்போது அந்தக் கதை எனக்கு ஞாபகத்துக்கே வரவில்லை, ஸ்டெல்லா. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. இது முதல் தடவை இல்லை. நீ கல்லூரி போகும்போது உன் ஸ்கூட்டர் நாற்பதுக்கு மேல் போகாதபடி ஆக்சிலேட்டர் கேபிளை இறுக்கி வைத்தேன். மூன்று மாதம் கழித்து மெக்கானிக் சொல்லித்தான் உனக்குத் தெரிந்தது. நீ கத்தவில்லை, இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாவது நாள் நான் உன் தலையில் கை வைத்து, "இனிமே உன் வண்டில கை வெக்க மாட்டேம்மா" என்று சொன்னேன். நீ அதை நம்பினாய். நம்பியதால்தான் இந்தத் தடவை உனக்கு என்மேல் சந்தேகமே வரவில்லை.

ரப்பர் வைத்த வாரத்தில் திரையில் எண் பன்னிரண்டரை ஆனது. நான் மீசையை முறுக்கிக்கொண்டேன். நீயோ, "இன்னும் ஜாஸ்தியா யோசிக்குது நைனா, ஏத்தத்துல பயமா கீது" என்று சொல்ல ஆரம்பித்தாய். இரண்டு தடவை சர்வீசுக்கு எடுத்துப் போனது நான்தான், உனக்கு லீவு இல்லை. சர்வீசுக்கு விடும்போது மேட்டுகளை எல்லாம் எடுத்து வீட்டில் வைத்துவிட்டுப் போவது என் பழக்கம் என்று உனக்குத் தெரியும், அங்கே எண்ணெய்க் கறை ஆகிவிடும், ஒன்று தொலைந்தும் போகும். மேட்டோடு ரப்பரும் வீட்டில் தங்கிவிட்டது. அங்கே இருந்தவர்கள் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தார்கள், ஓட்டிப் பார்த்தார்கள். "எந்தக் கோளாறும் காட்டல சார், வண்டி நல்லா இழுக்குது. மேடம் மிதிக்கிறதுலதான் ஏதோ இருக்கு" என்றார் அங்கே இருந்த சர்வீஸ் அட்வைசர். உள்ளதைத்தான் சொன்னார். நான் அதை வாங்கிக்கொண்டு வந்து, மேட்டைத் திரும்பப் போட்டு, அவர் சொன்னதை அப்படியே உன்னிடம் ஒப்பித்தேன். அப்போதுகூட நான் ஒட்டிய ரப்பரையும் நீ சொன்ன குறையையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. வேண்டுமென்றே மறைத்தேன் என்று நீ நினைத்தால் மறுக்க என்னிடம் சாட்சி இல்லை, ஆனால் அதுவரைக்கும் நிஜமாகவே தெரியாது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தெரிந்துவிட்டது. திருவொற்றியூரில் உன் சித்தி பேரக் குழந்தைக்கு ஞானஸ்நானம். நீ ஓட்டினாய், நான் பக்கத்தில், அம்மா பின்னால். மாத்தூர் தெருவிலிருந்து இருநூறடி ரோட்டில் ஏறி, நடு மீடியன் இடைவெளியில் வலது பக்கம் திரும்ப வேண்டும். நீ நின்று பார்த்தாய், இடம் இருந்தது, மிதித்தாய். எனக்கும் அந்த இடைவெளி போதும் என்றுதான் தெரிந்தது. வண்டி நடு ரோட்டுக்குப் போய் யோசித்தது. உன் பக்கம், வலது பக்கம், ஒரு காலி டிரெய்லர் வந்துகொண்டிருந்தது. "மிதிம்மா, மிதி, மிதி" என்று நான் கத்தினேன். "மிதிச்சிகினுதான் கீறேன் நைனா" என்றாய். அப்போதுதான் உன் காலைப் பார்த்தேன். முழங்கால் விறைத்து, பாதம் முழுக்க அழுத்தி, மிதி என் ரப்பரில் முட்டி நின்றுகொண்டிருந்தது. டிரெய்லர்காரர் பிரேக்கை மிதித்து, பின்பக்கம் தடதடவென்று குதித்து, உன் கதவுக்கு இரண்டு முழம் தள்ளி நின்றார். "இன்னாம்மா, வூட்ல சொல்லிகினு வந்துட்டியா" என்று கத்தினார். அவர் இடத்தில் நானாக இருந்தால் இன்னும் கேவலமாகக் கேட்டிருப்பேன். நீ திரும்பி என்னைப் பார்த்தாய். நான் சொல்ல வேண்டிய நேரம் அதுதான். நான் சொன்னது, "பாத்து ஓட்டக் கூடாதாம்மா."

ரப்பரை வைத்தது முட்டாள்தனம். அந்த ஒரு வரிதான் பாவம். போன சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் ஃபாதரிடம் சொன்னேன். அவர், "இதை என்கிட்ட சொல்லி முடியாது, உன் பொண்ணுகிட்ட சொல்லு" என்று சுருக்கமாக அனுப்பிவிட்டார்.

ஞானஸ்நானத்துக்குப் போய் வந்த அன்று சாயங்காலமே உன் வீட்டுக்குக் கீழே நிறுத்தியிருந்த வண்டியில் ஏறி, மேட்டைத் தூக்கி, ரப்பரைப் பிய்த்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். யாருக்கும் சொல்லாமல் சரி செய்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். மறுநாள் மாப்பிள்ளை வண்டியை எடுத்து மாதவரம் வரை ஓட்டிவிட்டு வந்து, "சூப்பரா போவுது, ஒரு செகண்டுகூட யோசிக்கல, அவ கால்தான் மாமா" என்று என்னிடமே சொன்னார். ஒட்டினதில் உன் உயிருக்கு ஆபத்து, எடுத்ததில் உன் பேருக்கு. நீ அன்றைக்கே சாவியை ஆணியில் மாட்டிவிட்டாய். அதற்கப்புறம் வண்டி யோசிப்பதே இல்லை, நீதான் யோசிக்கிறாய். ரோட்டைத் தாண்டக்கூட நீ தன் கையைப் பிடிப்பதாக அம்மா சொன்னாள்.

உன் அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் எல்லோரும் உன் காலைக் குறை சொன்னோம். அவள் மட்டும் முதல் நாளிலிருந்து ஒரே பேச்சு. "அவ மிதிச்சேன்னு சொன்னா மிதிச்சிருப்பா. எம் பொண்ணு எதுக்குப் பொய் சொல்லப் போறா? வண்டியப் பாருய்யா, அவளப் பாக்காத." அவளுக்கு டர்போவும் தெரியாது, கியர்பெட்டியும் தெரியாது, உன்னைத் தெரியும். நேற்று அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து, அந்த ரப்பரைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பேஜாரு புச்ச மனுசன்யா நீ" என்றாள். பிறகு இன்றைக்கு வரைக்கும் என்னோடு பேசவில்லை. இந்தக் கடிதத்தை உன்னிடம் கொடுத்துவிட்டு வந்தால்தான் பேசுவாளாம்.

மாப்பிள்ளையிடமும் இன்று காலை சொல்லிவிட்டேன். நீ படிக்கும்வரை வாயைத் திறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். "நான் ரொம்பப் பேசிட்டேன் மாமா அவள" என்று மட்டும் சொன்னார். சர்வீஸ் சென்டருக்கும் போய் அந்த அட்வைசரைப் பார்த்தேன். "அந்த மேடம் கால்ல ஒரு குறையும் இல்ல, குறை என்கிட்ட, அத எழுதிக்க" என்றேன். அவருக்கு எதை எங்கே எழுதுவது என்று தெரியவில்லை, டீ வாங்கிக் கொடுத்தார்.

இனிமேல் வண்டி விஷயம். இதை உன் நைனாவாக இல்லை, முப்பது வருஷ டிரைவராகச் சொல்கிறேன். ரப்பரை எடுத்தபிறகு மாப்பிள்ளையிடம் கேட்டு வாங்கி நானே எண்ணூர் வரை ஓட்டிப் பார்த்தேன். மிதியை அடி வரைக்கும் இறக்கினால் அந்த வண்டி இரண்டு கியர் இறங்கிப் பாய்கிறது. அந்தக் கடைசி ஒரு அங்குலத்தில்தான் அந்தப் பாய்ச்சலே இருக்கிறது. தினமும் அது தேவைப்படாது, நடு ரோட்டில் டிரெய்லர் வரும்போது தேவைப்படும். அதைத்தான் நான் உன்னிடமிருந்து எடுத்து வைத்துக்கொண்டேன். மெயின் ரோட்டில் ஏறும்போது எக்கோ மோடை அணைத்துவிடு. நிற்கிற நிலையிலிருந்து கிளம்பும்போது அந்தச் சின்ன யோசனை எப்போதும் கொஞ்சம் இருக்கும், அதையும் கணக்கில் சேர்த்து இடைவெளி பார். உன் கண் அந்த அளவைச் சரியாகத்தான் எடுத்தது, அன்றைக்கும் எடுத்தது. அப்புறம் மைலேஜ். ரப்பர் இல்லாமல் மாப்பிள்ளை ஒரு வாரம் ஓட்டியும் அதே பன்னிரண்டரைதான் காட்டுகிறது. யோசித்துப் பார்த்தேன். ரப்பர் ஒட்டிய அதே வாரம் நாலு டயருக்கும் காற்றுச் சரியாக அடித்தேன், பல மாதமாகக் குறைந்து கிடந்தது. கூடியது அதனால்தான். மீதி குறைவது கண்டெய்னர் லாரி நெரிசலில் ஏசி போட்டுக்கொண்டு அரைமணி நேரம் நிற்பதால். நிற்கிற வண்டி குடித்ததை ஓட்டுகிறவள் கால்மேல் போட்டோம். இந்த ரோட்டில் பன்னிரண்டரை நல்ல எண்தான், பதினொன்றும் நல்ல எண்தான். அந்தத் திரையை மாற்றி மணியைக் காட்டும்படி வைத்துவிடு.

ஒன்றை மட்டும் நான் செய்யவில்லை. வண்டி பார்க்க வருகிறவரின் நம்பரை மாப்பிள்ளையிடம் வாங்கி, வர வேண்டாம் என்று சொல்லப் போனை எடுத்தேன். பிறகு வைத்துவிட்டேன். அதுவும் ஒரு கட்டைதானே. விற்பதும் வைத்துக்கொள்வதும் நீ முடிவு செய்ய வேண்டியது. வண்டி பிடிக்காமல் விற்றால் விற்றுக்கொள், வேறு வாங்கு. கால் சரியில்லை என்று மட்டும் விற்காதே, ஏனென்றால் அது பொய், அந்தப் பொய்யைச் சொன்னது நான். யார்டு வேலையை வேண்டாம் என்று எழுதுவதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை அந்த மிதியை அடி வரைக்கும் இறக்கிப் பார். அதற்குமேல் நான் கேட்க மாட்டேன். நீ சரி என்றால் இந்தக் கடிதத்தை எங்கள் பழைய டிரைவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போடப் போகிறேன், மகன் வண்டிக்கும் மகள் வண்டிக்கும் இதே வேலையைச் செய்துவைத்திருக்கிற கிழவர்கள் இன்னும் இரண்டு பேராவது அதில் இருப்பார்கள்.

இப்போது பையைப் பிரி. உன் கால் மேட்டும் அந்த ரப்பரும் இருக்கின்றன. எண்ணூர் வரை ஓட்டிய அன்று மேட்டை எடுத்து வந்து கழுவிக் காய வைத்திருக்கிறேன், அடிப்பக்கம் பசையைச் சுரண்டிவிட்டேன். ரப்பரை என்ன செய்வது என்று உனக்கே தெரியும். சின்ன வயதில் முந்திக்கொண்டு சொல்வாயே, அந்த வரியை இப்போது என்னைப் பார்த்துச் சொல்ல உனக்கு உரிமை இருக்கிறது. நேரில் சொல், கேட்டுக்கொள்கிறேன்.

ஞாயிறு காலை இரண்டாம் பூசை முடிந்து நானும் அம்மாவும் கோயில் வாசலில் நிற்போம். பஸ்ஸில் வந்தாலும் வா. வண்டியில் வந்தால், அந்த மீடியனை நீ தனியாகத் தாண்டி வந்திருக்கிறாய் என்று நான் புரிந்துகொள்வேன், எதுவும் கேட்க மாட்டேன். அம்மா முன்னால் உட்காரட்டும். நான் பின் சீட்டில், உனக்கு நேர் பின்னால் உட்காருகிறேன். அங்கிருந்து அந்த எண்ணும் தெரியாது, உன் காலும் தெரியாது.

உன் நைனா